தலைவருக்குக் காய்ச்சல் வந்தால் நாற்காலி யாருக்கு?

1951 ஆகஸ்ட் 10. சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உடல்நிலை தமக்கும் மருத்துவர்களுக்கும் கவலை தருகிறது, ஒரு மாத காலமாவது தொடர் சிகிச்சை எடுக்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடிவதற்குள் மருத்துவர் கையில் தம்மை ஒப்படைக்க மனமில்லை, ஆகவே மசோதாவை முன்கூட்டியே விவாதத்துக்கு எடுங்கள் என்பது கடிதத்தின் சாரம். மசோதா நிறைவேறவில்லை. செப்டம்பர் 27 அன்று அவர் பதவி விலகினார். பிறகு வெளியிட்ட அறிக்கையில், நோய் காரணமாக விலகினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொன்னார். நோயைக் காட்டிக் கடமையைக் கைவிடும் ஆள் தாம் அல்ல என்றார்.

இதை ஏன் அவ்வளவு வலியுறுத்திச் சொன்னார்? 'உடல்நிலை சரியில்லை' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊராட்சிகளில் இன்றும் அந்த மூடி பயன்பட்டு வருகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி அரசு ஊழியர் அல்ல. அவருக்கு மருத்துவ விடுப்புக் கணக்கு கிடையாது. சட்டமன்ற உறுப்பினருக்கு அரசியல் சட்டத்தின் 190ஆவது பிரிவு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் அறுபது நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராவிட்டால் அவை அந்த இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். 'அறிவிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, அறிவித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அவை நீண்ட நாள் கூடாத காலமும் இந்தக் கணக்கில் சேராது. ஆக, ஒரு எம்.எல்.ஏ. மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தாலும் அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. திருவாரூர் உறுப்பினராக இருந்த கருணாநிதி உடல்நலம் குன்றி நெடுநாள் அவைக்கு வர முடியாமல் இருந்தார். 2018 ஆகஸ்ட் 7 அன்று மறையும்வரை அந்தப் பதவி அவருடையதாகவே இருந்தது.

ஊராட்சித் தலைவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தலைவர் தொடர்ந்து பதினைந்து நாளுக்கு மேல் ஊராட்சி எல்லைக்குள் இல்லாமல் போனாலோ, பதினைந்து நாளுக்கு மேல் செயல்பட முடியாத நிலையில் இருந்தாலோ, அவருடைய பணிகள் துணைத் தலைவருக்குப் போய்விடும். ஊர் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. குடிநீர் மோட்டார் எரிந்துபோனால் தலைவர் குணமாகி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதில் நமக்கு மறுப்பில்லை.

சிக்கல் துணைத் தலைவர் யார் என்பதில் இருக்கிறது. பட்டியல் சமூகத்துக்கும் பழங்குடிக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவியில் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலனியில் ஒன்றிரண்டு வார்டும் ஊரில் மற்ற வார்டுகளும் இருக்கும் ஊராட்சியில் அந்தத் தேர்தல் எப்படி முடியும் என்று தருமபுரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். எனவே நல்ல உடம்போடு இருக்கும்போதே தனி ஊராட்சித் தலைவரின் பாதி அதிகாரம் அடுத்தவர் பேனாவில் இருக்கிறது. அவர் படுத்துவிட்டால் மீதிப் பாதியும் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடத்தூர் பக்கம் ஒரு தனி ஊராட்சி. தலைவர் முப்பது வயதுப் பெண், நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்குப் பிரசவம். நம் வழக்கப்படி தாய்வீட்டுக்குப் போகிறார். தாய்வீடு அரூர் தாண்டி இருக்கிறது. பதினாறாம் நாள் அவர் சட்டத்தின் கண்ணில் 'எல்லைக்குள் இல்லாதவர்'. பிரசவம் பதினைந்து நாளில் முடிகிற காரியமா? பாதிக்குப் பாதி பெண்கள் வர வேண்டும் என்று 2016இல் சட்டம் கொண்டுவந்தோம். அந்தப் பெண்களுக்குக் கருப்பை உண்டு என்பதை இந்த விதி கணக்கில் எடுக்கவில்லை.

கர்ப்பப்பை அறுவை, கல்லீரல் கோளாறு, விபத்தில் கால் முறிவு என எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடியாவிட்டால் சேலம், அங்கும் முடியாவிட்டால் பெங்களூரு. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருவதே ஒரு நாள் பாடு. தலைவருக்குக் கிடைக்கும் மாத மதிப்பூதியம் ஒரு வாரக் கூலிக்கு மேல் வராது.

இந்த நிலையில் தலைவர் என்ன செய்வார்? நோயை மறைப்பார். காய்ச்சலோடு அலுவலகம் வருவார். அதுவும் முடியாதபோது வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார். பிறகு தணிக்கையில் சிக்குவது அவர் பெயர்தான். பணம் யார் கைக்குப் போனது என்று தாளில் எழுதியிருக்காது.

ஊகத்தில் இப்படிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தனி ஊராட்சி நாற்காலிக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம் என்பது வரலாறு. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை முறையான தேர்தலே நடக்க விடவில்லை; ஜெயித்தவர் பதவியேற்ற வேகத்தில் விலகினார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. அந்த வழக்கில் துணைத் தலைவர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. தலைவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே இது நடந்தது.

மேலே இருப்பவர்களுக்கு நோய் வந்தபோது நாடு எப்படி நடந்துகொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனார். டிசம்பரில் தேர்தல் வந்தது. ஒரு நாள்கூட ஊருக்கு வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து, 1985 பிப்ரவரியில் வந்து பதவியேற்றார். ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனைக்குப் போனார். அக்டோபர் 11 அன்றுதான் அவர் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டதாக ஆளுநர் அறிவித்தார். பொறுப்பு மாறியது, முதல்வர் பதவி மாறவில்லை. மாறிப் போன பொறுப்பும் அவருடைய கட்சிக்குள்ளேயே, அவர் நம்பியவரிடமே போனது. ஏழைச் சனம் கோயில் கோயிலாகப் போய் வேண்டிக்கொண்டது. என்ன நோய் என்று மக்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

நெதர்லாந்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரோ உள்ளாட்சி உறுப்பினரோ நோய்வாய்ப்பட்டால், பிரசவத்துக்குப் போனால், 16 வாரத்துக்குத் தற்காலிக மாற்று உறுப்பினர் வருவார். வருபவர் அதே கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவர். யார் சார்பில் மக்கள் வாக்களித்தார்களோ அந்தத் தரப்புக்கே இடம் தங்கும். இந்த நியாயம்தான் நாம் கேட்பதும். தனி ஊராட்சித் தலைவர் நோயில் இருக்கும்போது பொறுப்பு அதே ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த வார்டு உறுப்பினருக்குப் போகட்டும். பிரசவத்துக்குப் பதினைந்து நாள் விதி பொருந்தாது என்று திருத்தம் வரட்டும். சட்டமன்றம் ஒரு நாள் கூடினால் முடிகிற வேலை இது.

நம் பக்கமும் கேள்வி உண்டு. தலைவராகிவிட்டு ஓசூரிலோ பெங்களூருவிலோ மாதக்கணக்கில் தங்கி, கேட்டால் "ஒடம்பு செரியில்லீங்க" என்று சொல்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மனைவி தலைவர், கையெழுத்துக் கணவர் என்ற கூத்தும் இருக்கிறது. ஓட்டுப் போட்ட காலனிக்காரர்தான் தெருவிளக்கு எரியாமல் இருட்டில் நடக்கிறார். நோய் உண்மையானால் அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம். என்ன நோய் என்று ஊருக்கே விளக்க வேண்டியதும் இல்லை, அது அவர் சொந்த விஷயம். எத்தனை நாள் வர முடியாது, அதுவரை யாரைப் பார்க்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் எழுத்தில் பி.டி.ஓ.வுக்கும் ஊர் மக்களுக்கும் தெரிவித்தால் போதும். தேதி போட்ட அந்தக் கடிதம் நாளைக்கு அவருக்கே பாதுகாப்பு. குணமாகி வந்த நாளையும் அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். பொறுப்பு தற்காலிகமாகப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிரதிநிதி இல்லாமல் கிடப்பது நமக்குப் புதிதல்ல. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அதில் இருந்தன. 2019 மே வரை இரண்டு தொகுதிக்கும் ஆள் இல்லை. அரூர் நம் மாவட்டத்தின் ஒரே தனித் தொகுதி. ஊராட்சிகளோ 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசிவரை தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, 251 ஊராட்சிகளும் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பதினைந்து நாள் விதியைப் பற்றிக் கேளுங்கள். தனி ஊராட்சியில் வார்டுக்கு நிற்கிற நம் ஆட்களிடம் துணைத் தலைவர் தேர்தலில் யாருக்குக் கை தூக்கப்போகிறார்கள் என்பதை வேட்புமனு போடும் முன்பே கேட்டு வையுங்கள்.