பணியிடத்தில் பதினைந்து நிமிடங்கள்

மறைமலைநகரிலிருந்து மகிந்திரா வேர்ல்டு சிட்டி வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து எங்கள் துறைக்கு அவ்வப்போது அழைப்பு வரும். தொழிலாளர்களிடம் நல்ல உணவு பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய முதல் அழைப்பை ஏற்றபோது, நாற்பத்திரண்டு படத்தாள்களுடன் சென்றேன். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, கிளைசீமிக் குறியீடு என எதையும் விடவில்லை. மதிய இடைவேளையே முப்பது நிமிடம்தான். அதில் இருபத்தைந்து நிமிடத்தை நானே எடுத்துக்கொண்டேன். கைதட்டல் கிடைத்தது, பொன்னாடையும் போர்த்தினார்கள். பேச்சு நன்றாக அமைந்ததாகவே எண்ணித் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து, அப்பேச்சைக் கேட்ட ஐம்பது வயதுத் தொழிலாளர் ஒருவரை அவருடைய மனைவி எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை உட்கொள்பவர். என் பேச்சைக் கேட்ட மறுநாளே சோற்றை அடியோடு நிறுத்திவிட்டார். மதியம் வெள்ளரித் துண்டுகளும் ஒரு குவளை மோரும் மட்டுமே. மாத்திரையோ பழைய அளவிலேயே தொடர்ந்தது. நான்காம் நாள் மாலை இயந்திரத்தின் முன் நின்றிருந்தபோது உடல் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருண்டது. அருகில் இருந்தவர் பிடித்து இழுத்து உட்கார வைத்ததால் கை தப்பியது. முதலுதவி அறையில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 48 மில்லிகிராம்.

"நீங்கதானே டாக்டரம்மா சோத்தக் குறைக்கச் சொன்னீங்க?" என்று அவர் மனைவி கேட்டார். அக்குரலில் கோபம் இல்லை, குழப்பமே இருந்தது. நான் சொன்னது உண்மைதான். மாத்திரை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றக் கூடாது என்பதை நாற்பத்தோராம் படத்தாளில் எழுதியிருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்ததா, வரவில்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஊசி வழியாகச் செலுத்தும் இன்சுலினும் அவ்வாறே. உணவு குறைந்தால் மருந்தின் அளவும் குறைய வேண்டும். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இத்தகைய தாழ்சர்க்கரை அரிது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லையெனில் மீண்டும் அதே அளவு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இப்போது எந்தப் பணியிடத்திற்குச் சென்றாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உணவு பற்றிய பேச்சை மருந்தில் தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கும். இருக்கட்டும்.

அதே தொழிற்சாலை மறு ஆண்டு அழைத்தபோது படத்தாள்கள் இல்லாமல் சென்றேன். கூட்ட அரங்கு வேண்டாம், உணவகத்தில் பரிமாறும் மேசைக்கு அருகில் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்குச் சமைக்காத தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று வகுக்கிறது. கையில் தட்டுடன் வரிசையில் நிற்பவருக்கு இந்தக் கிராம் கணக்கால் பயனில்லை. ஆகவே தட்டையே காட்டினேன். பாதித் தட்டு பொரியலும் கூட்டும் கீரையும். கால் தட்டு சோறு. மீதிக் கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. வரிசை மட்டுமே மாறுகிறது.

உணவகப் பணியாளர் ஒருவர் குறுக்கிட்டார்: "நாங்க வைக்கிற பொரியல் ரெண்டு கரண்டிதான் மேடம். பாதித் தட்டுக்கு எங்க போறது?" அன்றைய கேள்விகளுள் மிகச் சிறந்தது அதுவே. சோறு அளவில்லாமல் கிடைக்கும், பொரியல் அளந்து வரும் இடத்தில் தொழிலாளியிடம் மட்டும் அறிவுரை சொல்வது முறையன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் பணிபுரியும் இடத்தில் உணவகம் வேண்டும் என்றும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும் என்றும் அன்றே வகை செய்தது. அந்தக் குழுவில் இருப்பவர்களை அழைத்துப் பேசச் சொன்னேன். பொரியல் மூன்று கரண்டியானது. அப்பளம் நாள்தோறும் என்பது வாரம் இருமுறை என்றானது. தேநீரில் சர்க்கரையைக் கலந்து தருவதை விட்டுத் தனியே வைத்தார்கள். இந்த மூன்றாவது மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம். நாளைக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கைச் சர்க்கரை 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் நின்றால் நன்று என்கிறது. தேநீரிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

இடையே ஒன்று. எல்லாப் பேச்சிலும் கேழ்வரகு பற்றிய கேள்வி வரும். அரிசியை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினால் எவ்வளவும் உண்ணலாமா என்பார்கள். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி; நல்ல உணவுதான். ஆனால் அதுவும் தானியமே. நன்கு கரைத்த கூழாக இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் கதை வேறு. அங்கு உணவகம் இல்லை, குழுவும் இல்லை. ஐந்து ரதங்களுக்குச் செல்லும் சாலையோரக் கூரைக்கொட்டகை ஒன்றில் எட்டுச் சிற்பிகளிடம் பேசச் சென்றிருந்தேன். மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் காலை உணவாக ஒரு தேநீரும் இரண்டு வடையும் கொண்டு பதினொரு மணி வரை வெயிலில் உழைக்கிறார்கள். அறுக்கும் இயந்திரத்தின் ஓசையில் என் குரல் எடுபடவில்லை. பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, "சொல்லும்மா, பத்து நிமிஷம்" என்றார்.

பத்து நிமிடத்தில் மூன்று செய்திகளே சொன்னேன். கல்தூள் படிந்த கையையும் முகத்தையும் கழுவிவிட்டு, தூள் பறக்காத இடத்தில் அமர்ந்து உண்ணுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துங்கள். வெயிலில் உழைப்பவரின் சிறுநீரகத்தில் கல் சேர நீர்க்குறைவு ஒரு முக்கியக் காரணம். மூன்றாவது, கடற்கரையில் இருந்துகொண்டு கருவாட்டையும் ஊறுகாயையும் மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, போதும்; கருவாடு ஒன்றே அதில் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். நெத்திலியும் கவலையும் கானாங்கெளுத்தியும் வஞ்சிரத்தைவிட விலை மலிவு; இதயத்துக்கு நன்மை தரும் கொழுப்பு அவற்றில் குறைவில்லாமல் உண்டு. வறுப்பதைவிடக் குழம்பில் இடுவது நல்லது. கல்தூள் நுரையீரலைக் கெடுப்பது தனிப் பேச்சுக்கு உரியது. முகமூடியும், நீர் தெளித்து அறுப்பதும் பற்றி அன்று ஒரு சொல் மட்டுமே சொல்ல முடிந்தது.

சிற்பிகளின் மதிய உணவு வீட்டிலிருந்து தூக்குவாளியில் வருகிறது. ஆகவே அன்றைய பேச்சு உண்மையில் சென்று சேர வேண்டிய இடம் வீட்டு அடுப்படி. இதழை வாசிக்கும் குடும்பத்தினருக்காக இதை எழுதுகிறேன். சோற்று அடுக்குக்கு நிகராகக் காய்க்கு ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். ஒரு பிடிக் கொண்டைக்கடலை அல்லது ஓர் அவித்த முட்டை சேருங்கள். எடுத்துச் செல்பவரும் காலையில் காய் நறுக்க உதவலாம். அதற்கு மருத்துவத் தடை ஏதுமில்லை.

நம் நோயாளிகளுள் சிலர், தம் பணியிடத்தில் தாமே எழுந்து பேச விரும்புவதாகச் சொல்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். பல நேரம் என்னைவிட அவர்கள் பேச்சே எடுபடும். பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உடன் பணிபுரிபவரின் உடற்பருமனைச் சுட்டிக்காட்டிச் சிரிக்க வேண்டாம். உங்கள் மருந்தின் பெயரைப் பிறருக்குப் பரிந்துரைக்கவும் வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர் கூட்டத்தில் இருக்கக்கூடும். கீரை, பழம், இளநீர், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு ஆகியவை அவர்களுக்குத் தீங்காகலாம். எனவே அவர்கள் தம் மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் மணி அடித்துவிடும்.

தாழ்சர்க்கரையால் தள்ளாடிய அந்தத் தொழிலாளருக்கு மாத்திரையை மாற்றினோம். சோறு கால் தட்டாகத் திரும்ப வந்தது. சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் வைத்திருக்கிறார். சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தவர், இரவுப் பணியில் இருப்பவர்கள் என் பேச்சை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றார். இரவில் உண்ணும் அதே அளவு உணவு பகலைவிடக் கூடுதலாகச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், அவர்களுக்கே அது முதலில் தேவை. தொழிற்சாலை நிர்வாகமும் இசைந்துவிட்டது. அடுத்த பேச்சு இரவு பன்னிரண்டரை மணிக்கு, பரிமாறும் மேசைக்கு அருகில்.