வானில் உலவும் அல்பிரூனி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பெருவெளியில் இலட்சக்கணக்கான பாறைகள் சூரியனை வலம் வந்துகொண்டிருக்கின்றன. சிறுகோள்கள் என்பது அவற்றின் பொதுப்பெயர். அவற்றுள் 9936 என்னும் எண்ணுடைய ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர் அல்பிரூனியின் பெயரைத் தாங்கி உலவுகிறது. இப்பெயர் அதற்கு வாய்த்த விதத்தை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

பல்கேரியா நாட்டின் ரோசன் வானாய்வுக்கூடத்தில் 1986 ஆகஸ்ட் 8 அன்று இது கண்டறியப்பட்டது. கண்டறிந்தோர் இருவர். ஒருவர் பெல்ஜிய நாட்டு எரிக் எல்ஸ்ட். மற்றவர் பல்கேரியப் பெண்மணி வயலெட்டா இவனோவா.

சிறுகோளைத் தேடுவோர் ஒரே வான்பகுதியைச் சிறிது நேர இடைவெளியில் மீண்டும் படமெடுத்து ஒப்பிடுவர். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம்பெயர்ந்து தோன்றும் புள்ளியே சிறுகோள். அதற்கு முதலில் கிடைப்பது தற்காலிகக் குறியீடே. இதற்குக் கிடைத்தது '1986 பிஎன்4'. 'பி' ஆகஸ்ட் முற்பாதியைக் குறிக்கும். 'என்4' அக்காலத்தில் பதிவானவற்றுள் 113ஆவது எனக் காட்டும். பின்னர் அதன் பாதை ஐயமறத் தெளிந்தால்தான் நிலையான எண் வழங்கப்படும்.

எண் கிடைத்தபின் பத்தாண்டுகள் வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தோருக்கு உண்டு. அதனை அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும். பெயர் 16 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. அரசியலாலோ போராலோ புகழ் பெற்றவராயின், அவர் மறைந்து 100 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். அறிவுத் தொண்டு புரிந்தோருக்கு இக்காத்திருப்பு இல்லை!

அல்பிரூனி 973இல் குவாரிஸ்மில் பிறந்தார். கஸ்னி மன்னர் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றிய பின், 1017இல் தாயகம் விட்டுக் கஸ்னிக்குச் செல்ல நேர்ந்தது. அந்நிலையிலும் அவர் சோர்ந்து அமர்ந்தாரில்லை. சமஸ்கிருதம் கற்று, இந்தியாவின் அறிவுச் செல்வங்களை அரபியில் எழுதினார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்தார். இவ்விரண்டை மட்டும் கொண்டு, பூமியின் ஆரத்தைக் கணிதத்தால் கண்டார்.

இன்று சில நிறுவனங்கள், பணம் செலுத்தினால் உங்கள் குழந்தையின் பெயரை ஒரு விண்மீனுக்குச் சூட்டுவதாகக் கூறிச் சான்றிதழ் விற்கின்றன. அவற்றை அனைத்துலக வானியல் ஒன்றியம் ஏற்பதில்லை. பெற்றோர் அதில் பணத்தை இழக்க வேண்டாம். அத்தொகைக்கு நல்ல நூல்கள் சிலவற்றை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

இருபது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான விட்டமுடைய அந்தக் கரும்பாறையை வெறுங்கண்ணால் காண இயலாது. எனினும் அதன் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அல்பிரூனிக்கு அப்பெயரை எவரும் விலை கொடுத்து வாங்கித் தரவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், வேற்று நாட்டு அறிஞர் இருவர் கண்டறிந்த கோளுக்கு அது சூட்டப்பட்டது. ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும், கல்வியில் ஊன்றி நிற்பவருக்கு அத்தகைய பேறு எட்டாததன்று.