தெருவோடு ஒட்டாத பள்ளிவாசல்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் தெருக்கள் பெரும்பாலும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். கட்டடங்களும் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும். ஆனால் மூன்றாம் அவென்யூவில், 96ஆம் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு கட்டடம் மட்டும் 29 பாகை திரும்பி நிற்கிறது. அது இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பள்ளிவாசல். 1991இல் திறக்கப்பட்டது.

முஸ்லிம்கள் மக்காவில் உள்ள கஅபாவை நோக்கித் தொழுவார்கள். அந்தத் திசைதான் கிப்லா. செருப்பைக் கழற்றிவிட்டு எந்தப் பள்ளிவாசலுக்குள் போனாலும், மிஹ்ராப் என்னும் மாடம் கிப்லாவைக் காட்டும்.

இப்போது ஒரு புதிர். நியூயார்க் வடக்கு அட்சரேகை 40.7 பாகையில் இருக்கிறது. மக்கா 21.4 பாகையில்தான். அதாவது, கிழக்கே இருக்கும் மக்கா தெற்கேயும் தள்ளி இருக்கிறது. அப்படியானால் தென்கிழக்கைப் பார்த்துத்தானே தொழ வேண்டும்? இந்தப் பள்ளிவாசலோ வடகிழக்கைப் பார்க்கிறது!

ஒரு பூமி உருண்டையும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஒரு முனை, மக்காவில் மறுமுனை. நூலை இழுத்துப் பிடியுங்கள். அது முதலில் வடகிழக்கே ஏறும். அட்லாண்டிக் நடுவில் தெற்கே திரும்பி, பிரான்ஸ் வழியாக மத்தியதரைக் கடலைத் தாண்டி மக்காவுக்கு இறங்கும். உருண்டையின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். நெடுந்தூர விமானங்களும் கூடியவரை இதை ஒட்டியே பறக்கின்றன. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியாது.

மன்ஹாட்டன் அவென்யூக்களே உண்மை வடக்கிலிருந்து 29 பாகை கிழக்கே சாய்ந்தவை. பள்ளிவாசல் இன்னும் 29 பாகை திரும்பியது. கூட்டினால் 58. நியூயார்க்கின் கிப்லா ஏறக்குறைய அதுவே!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர், கஜினி நகருக்கான கிப்லாவைக் கோள வடிவக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். செயற்கைக்கோளும் கணினியும் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய சாதனை!

கணக்கே போடாமல் நீங்களும் கிப்லாவைக் கண்டுபிடிக்கலாம். மக்கா கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஅபாவுக்கு நேர்மேலே வரும். மே 28ஐ ஒட்டி இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கு ஒருமுறை, ஜூலை 16ஐ ஒட்டி 2.57க்கு மறுமுறை. அந்த நேரத்தில் வெயிலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் மக்கா. சூரியனை மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள். கோடு போட்டு வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.