கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை

கீழ்வேளூர், திருவாரூர், கும்பகோணம் முதலிய காவிரிநாட்டு ஊர்களில் திருக்கோயில்களின் நிழலிலே இசையும் தழைத்தது. தம் பெயருக்கு முன்னே கும்பகோணத்தைத் தாங்கிய இராசமாணிக்கம் பிள்ளை 1898ஆம் ஆண்டிற் பிறந்தவர். வாய்ப்பாட்டுப் பயின்றதோடு, திருக்கோடிகாவல் இராமசாமி ஐயரிடம் வயலினும் கற்றார். பக்கவாத்தியக் கலையிற் பெரும்புகழ் எய்தினார்.

பாடகர்க்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தல் எளிதன்று. ஆலாபனையில் அவர் எடுக்கும் பிடியை நிழல்போலத் தொடர்தல் வேண்டும். அவர் மூச்சு வாங்குமிடத்தில் இசை அறாமல் தாங்குதல் வேண்டும். தம் முறை வரும்போது கற்பனையைக் காட்டி, அவர் மீண்டும் தொடங்குமுன் ஒதுங்குதலும் வேண்டும். அடுத்து வரும் சுரம் இன்னதென்று முன்னரே எழுதிவைப்பார் இல்லை. மிகுதியாக வாசிப்பின் பாட்டு மறையும். குறைவாக வாசிப்பின் அரங்கு சோரும். இவ்வளவறிதல் பிள்ளையவர்களுக்குக் கைவந்திருந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் போன்ற பெரும்பாடகர்களுக்கு அவர் உடன் வாசித்தார். கைதட்டல் பெரும்பாலும் பாடகர்க்கே போகும், அது முழுநீதியன்று. 1948ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி பிள்ளையவர்களுக்குச் ‘சங்கீத கலாநிதி’ப் பட்டம் அளித்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய புளூஸ் இசையிலும் இத்தகையோர் இருந்தனர். சிகாகோ நகரில் மட்டி வாட்டர்ஸ் என்னும் பாடகரின் குழுவில் நெடுநாள் பியானோ வாசித்த ஓட்டிஸ் ஸ்பான், பிறருடைய இசைத்தட்டுகள் பலவற்றிற்கும் துணைநின்றவர். கடலால் பிரிந்த இவ்விருவரும் ஒரே ஆண்டில், 1970இல், மறைந்தனர்.