அனுபவம் இல்லாதவர் ஆர்.ஏ. துறைக்குள் நுழையும் வழி

மருந்து நிறுவனங்களில் ஆர்.ஏ. என்று சுருக்கமாக வழங்கப்படும் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் பிரிவின் பணி, ஒரு மருந்து தரமானது, பாதுகாப்பானது, பலனளிப்பது என்பதை அரசின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆவணங்களைக் கொண்டு மெய்ப்பித்து அனுமதி பெறுவதும், மருந்து விற்பனையில் இருக்கும் காலமெல்லாம் அந்த அனுமதி குலையாமல் பார்த்துக்கொள்வதும் ஆகும். இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் செயல்படும் சி.டி.எஸ்.சி.ஓ., அமெரிக்காவில் எஃப்.டி.ஏ., ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈ.எம்.ஏ. ஆகியவை அத்தகைய அமைப்புகள். பி.பார்ம் முடித்துவரும் இளைஞர் இத்துறையின் வேலை விளம்பரங்களைப் பார்த்தால், தொடக்கநிலைப் பணிக்கும் அனுபவம் கேட்பதையே பெரும்பாலும் காண்பார். ஆனால் இத்துறையின் மூலப்பொருள் ஆவணம் என்பதாலும், அதில் கணிசமான பகுதி எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதாலும், வேலை கிடைப்பதற்கு முன்பே வேலையைக் கற்றுக்கொள்ள இங்கே இடமுண்டு.

அனுமதி கோரி அளிக்கப்படும் ஆவணத் தொகுப்புக்கு டோசியர் என்று பெயர். 1990இல் தொடங்கிய ஐ.சி.எச். என்னும் சர்வதேச ஒத்திசைவு அமைப்பு வகுத்த சி.டி.டி. என்ற பொது வடிவத்தில் அது 5 பகுதிகளாக அமையும். முதற்பகுதி அந்தந்த நாட்டுக்குரிய நிர்வாகப் படிவங்களையும் லேபிளையும், இரண்டாவது சுருக்கங்களையும், நான்காவதும் ஐந்தாவதும் முறையே விலங்குச் சோதனை, மனிதச் சோதனை முடிவுகளையும் தாங்கி நிற்க, மருந்தின் தரத்தைப் பேசும் மூன்றாவது பகுதியில்தான் ஜெனரிக் நிறுவனங்களின் ஆர்.ஏ. பணியாளர் தம் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறார்.

அங்கே நடக்கும் வேலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மருந்து எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை அறியும் ஸ்டெபிலிட்டி சோதனையில், மாத்திரைகள் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் 6 மாதமும், சந்தைப்படுத்தும் நாட்டின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற நிலையில் நீண்ட காலமும் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. குறிப்பிடத்தக்க மாற்றமோ ஏற்ற இறக்கமோ தென்படாத நிலையில், கையிலுள்ள நீண்டகாலத் தரவின் இருமடங்கு வரை, ஆனால் அத்தரவைத் தாண்டி 12 மாதத்துக்கு மிகாமல், ஆயுட்காலம் கோரலாம் என்று ஐ.சி.எச். வழிகாட்டி அனுமதிக்கிறது. எனவே 12 மாதத் தரவை இணைத்துவிட்டு லேபிளில் 36 மாதம் என்று அச்சிட்டால் கேள்விக் கடிதம் வருவது உறுதி. அந்த முரணை அனுப்புவதற்கு முன்பே பிடிப்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. நேர்காணலில் 5 பகுதிகளின் பெயரை ஒப்பிப்பவர் பலர். ஆயுட்காலம் எந்தத் தரவிலிருந்து வந்தது என்று கேட்டால் விடை சொல்பவர் சிலரே.

அனுமதி பெற்ற பின் செய்யப்படும் மாற்றங்களை முறைப்படி தெரிவிக்கும் வேரியேஷன் பணி புதியவருக்குச் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். அதன் கனத்தை 2018இல் நிகழ்ந்த வால்சார்டன் விவகாரம் காட்டியது. இரத்த அழுத்த மருந்தான அதன் மூலப்பொருளைத் தயாரித்த சீன நிறுவனமொன்று தயாரிப்பு முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானும் சோடியம் நைட்ரைட்டும் இடம்பெற்றதால், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு உருவானது. வழக்கமான சோதனைகள் அதைத் தேடாததால் அது அகப்படாமலே இருந்து, பின்னர் பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. இது குறித்து ஈ.எம்.ஏ.வும் எஃப்.டி.ஏ.வும் வெளியிட்ட ஆவணங்களை வரிசையாகப் படித்தவர், பல சான்றிதழ் வகுப்புகள் கற்றுத்தராததைக் கற்றிருப்பார்.

சான்றிதழ்களைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை உறுதி என்று கூறும் குறுகியகால வகுப்புகள் சொற்களை அறிமுகப்படுத்துமே தவிர, அனுபவத்துக்கு ஈடாகா. இத்துறையில் மதிப்புள்ள ஆர்.ஏ.சி. சான்றோ அனுபவம் உள்ளவர்களுக்கு உரியது. புதியவர் அதைத் துரத்துவதில் பயனில்லை. அதைவிட, ஈ.எம்.ஏ. பொதுமக்களுக்கு வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒன்றை எடுத்து, அதே மருந்தின் அமெரிக்க லேபிளுடன் ஒப்பிட்டு, சேமிப்பு முறை, எச்சரிக்கைகள், யாருக்குத் தரக்கூடாது என்பனவற்றில் உள்ள வேறுபாடுகளை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிப் பழகுவது மேல். அக்குறிப்பை நேர்காணலில் மேசைமேல் வைக்கவும் முடியும்.

நேரடி வாசல் திறக்காதபோது பக்கவாசல்கள் உள்ளன. தர உறுதிப் பிரிவான கியூ.ஏ., ஆய்வகச் சோதனை செய்யும் கியூ.சி., மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் ஃபார்மகோவிஜிலன்ஸ், டோசியரை மின்னணு வடிவில் அடுக்கி இணைப்புகளைச் சரிபார்க்கும் பப்ளிஷிங் ஆகியவற்றில் சேர்பவர் அன்றாடம் ஆர்.ஏ. பிரிவுடன் உறவாடுவார். குறிப்பாக, கியூ.ஏ.வில் மாற்றக் கட்டுப்பாட்டுக் கோப்புகளைக் கையாண்டவருக்கு வேரியேஷன் பணி பாதி தெரிந்ததாகவே இருக்கும். அவ்வாறு ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்துக்குள் ஆர்.ஏ.வுக்கு மாற்றம் கேட்பவரின் விண்ணப்பத்தை, அவர் சரிபார்த்த கோப்புகளைக் கண்ட மேலாளரே படிப்பார்.