ரிங்கோடு ஒரு பாவாடை!

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, துணியை மிதிக்காமல் சுவரோரமாக வாருங்கள். இந்த அறையில் இப்போது தரையே தெரியவில்லை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ராமர் பச்சை. பழைய வாடகை வீட்டில் பால்கனிக் கதவுக்குப் போட்டிருந்த இரண்டு ஸ்கிரீன் துணிகள். புது வீட்டில் பால்கனி கிடையாது. அதனால் பரண் மேல் போய் உட்கார்ந்திருந்தவை, இன்று கீழே இறங்கிவிட்டன.

இதைப் பாவாடையாகத் தைக்கப்போகிறோம். ஸ்கிரீனை ராடில் கோப்பதற்காக மேலே வரிசையாக வைத்திருப்பார்களே, வெள்ளிக் கலர் ரிங், அந்த 16 ரிங்கும் அப்படியே இடுப்பில் நிற்கப்போகிற பாவாடை! கல்லூரி விழாவுக்குப் போட்டுக்கொள்ளப்போகிறவள் அக்கா மகள். யோசனையும் அவளுடையதுதான். நான் தையல் பிரிக்கிற ஊசியைக் கையில் எடுத்ததும், “சித்தி, ரிங்கைக் கழட்டிடாதீங்க! அதுதான் அழகே!” என்று ஓடிவந்து துணி மேல் கையை வைத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வீட்டில் மிச்சமாகிற துணியை எடுத்தால் நம் கை தானாகவே செய்கிற முதல் வேலை, பழைய தையலைப் பிரிப்பது. பட்டியைப் பிரித்து, ஓரத்தைப் பிரித்து, வெறும் துணியாக்கி, அப்புறம் புதிதாக வெட்டுவது. நான் சொல்கிறேன், பிரிக்காதீர்கள்! ஒரு ஸ்கிரீனில் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே உள்ளுக்குள் பக்ரம் வைத்து விறைப்பாக அடித்த பட்டி. இரண்டு பக்கமும் மடித்துத் தைத்த ஓரம். கீழே நான்கு அங்குலத்துக்கு ஆழமான மடிப்பு. திரை நேராகத் தொங்க வேண்டும் என்பதற்காகக் கனத்துக்கு வைத்தது அது. பாவாடைக்கும் அதே கனம்தானே வேண்டும்? சுற்றும்போது விரிந்து, நின்றதும் சட்டென்று கீழே விழ வேண்டும் என்றால் அடியில் கனம் இருக்க வேண்டும். யாரோ ஒரு டெய்லர் நமக்காக முன்கூட்டியே பாதிப் பாவாடையைத் தைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

துணி கரூர்த் துணி. திரை, மேஜை விரிப்பு, கிச்சன் டவல் என்று வீட்டுக்கான துணிகளை நெய்து, தைத்து உலகம் முழுக்க அனுப்புகிற ஊர். ஆனாலும் பருத்தியா பாலியஸ்டரா என்று பார்த்துவிடுவது நல்லது. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினோம். காகிதம் எரிகிற வாசம், தொட்டால் உதிர்கிற சாம்பல். பருத்தி! பாலியஸ்டராக இருந்தால் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உருகுகிற துணி தீப்பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விளக்கேற்றுகிற பெண், அடுப்பருகே நிற்கிற பெண், தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்துகிற பெண், இவர்களுக்கெல்லாம் தரை தொடும் பாவாடையைப் பருத்தியிலேயே தையுங்கள். பல வருஷம் துவைத்த துணி என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது.

இப்போது ஜன்னலைத் திறக்கிறேன், இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தெரிகிறதா? பச்சையில் நெடுக நெடுக வெளிறிய கோடுகள்! ஆறு அங்குலத்துக்கு அடர் பச்சை, அடுத்த ஆறு அங்குலத்துக்கு மாங்காய்த் தோல் மாதிரி ஒரு இளம்பச்சை. மேலிருந்து கீழ் வரை, ஓரங்கள் மெல்லக் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. எந்தச் சாயப்பட்டறையும் போட்டதல்ல இது, வெயில் போட்டது. ரிங் வைத்த திரை எப்போதும் ஒரே இடத்தில்தான் மடியும். ஒரு மடிப்பு வெளிப்பக்கம், அடுத்த மடிப்பு வீட்டுப்பக்கம். வெளிப்பக்கம் துருத்திய மடிப்பெல்லாம் வருஷக்கணக்கில் வெயில் குடித்து வெளுத்திருக்கிறது. உள்ளே மடிந்தவை வாங்கின அன்றைய நிறத்தோடு இருக்கின்றன. அக்கா, “வெளுத்துப்போனதைப் போட்டுட்டா காலேஜுக்குப் போவா?” என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் “ஆமா!” என்றோம்.

இந்த இடத்தில் ஒரு சினிமாக் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1939-இல் வந்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் நாயகி ஸ்கார்லெட், கையில் காசில்லாமல், வீட்டின் பச்சை வெல்வெட் திரையைக் கழற்றி கவுன் தைத்துக்கொள்வாள். வடிவமைத்தவர் வால்டர் பிளங்கெட். அந்த கவுன் இன்று டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலும் வெளிறிய கோடுகள் உண்டு! வெயிலில் தொங்கிய திரை என்று காட்டுவதற்காகப் படப்பிடிப்பின்போதே செய்யப்பட்டவை அவை. அதே காட்சியை 1976-இல் கேரல் பர்னெட் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நகைச்சுவையாக நடித்தபோது, உடை வடிவமைப்பாளர் பாப் மெக்கி இன்னும் ஒரு படி மேலே போனார். திரையோடு சேர்த்து அந்த ராடையும் தோளின் குறுக்கே அப்படியே விட்டுவிட்டார். அந்த உடை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. ராடை அவர் விட்டார், ரிங்கை நாங்கள் விடுகிறோம்!

சரி, கத்தரிக்கோல். ஒவ்வொரு திரையும் 4 அடி அகலம், 7 அடி நீளம். மேலிருந்து 26 அங்குலம் ஒரு துண்டு, கீழிருந்து 15 அங்குலம் ஒரு துண்டு. நடுப்பகுதியை மடித்து ஓரமாக வையுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மேல் துண்டுகள் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் 8 அடிச் சுற்று. தைத்து முடித்த ஓரங்களைப் பிரிக்கவே இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே ஓட்டு. குண்டூசிக்குப் பதில் மாடியில் துணி காயப்போடுகிற கிளிப்பைத்தான் பிடித்துக்கொள்ள வைத்தோம். கனத்த துணியில் குண்டூசி வளைந்துபோகும், கிளிப் கம்மென்று நிற்கும். பக்ரம் இருக்கிற இடத்துக்கு 16-ஆம் நம்பர் ஊசி, மற்றதற்கெல்லாம் 14. ரிங் பக்கத்தில் வரும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஊசி ரிங்கில் பட்டால் முனை தெறித்துக் கண்ணுக்கே வரும். இஸ்திரிப் பெட்டியும் ரிங் பக்கமே போகக் கூடாது, பார்க்க வெள்ளி மாதிரி மின்னினாலும் உள்ளே பிளாஸ்டிக்.

கீழ்த் துண்டை இணைக்கிற நேரம் வந்தது. கோட்டுக்கு நேர் கோடு வைப்பதுதான் வழக்கம். அக்கா மகள் துணியைப் பிடித்து ஆறு அங்குலம் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான்! மேலே அடர் பச்சை வருகிற இடத்தில் கீழே இளம்பச்சை, மேலே இளம்பச்சைக்குக் கீழே அடர் பச்சை. வெயில் போட்ட கோடு ஒரே நொடியில் கட்டமாகிவிட்டது. நான் கை தட்டிவிட்டேன்!

இரண்டுக்கும் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பட்டை, அவள் அப்பாவின் பழைய லுங்கியிலிருந்து. கட்டம் போட்ட துணியை க்ராஸாக வெட்டினால் சதுரமெல்லாம் டைமண்டாகத் திரும்பும். ஆனால் க்ராஸ் பீஸ் இழுத்த இழுப்புக்கு நீளும். அதனால் சுற்று முழுக்கக் கிளிப் போட்ட பிறகே மிஷினில் வைக்க வேண்டும். லுங்கி சாயம் விடுமோ என்று பயந்து முன்னாலேயே தனியாக அலசிப் பார்த்தோம். நம் பக்கத்துக் கட்டம்போட்ட துணிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய பெயர் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் சட்டைகளைச் சாயம் போகும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள், துவைக்கத் துவைக்க நிறம் மாறும் சட்டை என்று இளைஞர்கள் தேடி வாங்கினார்கள். எங்கள் லுங்கி ஒரு சொட்டுச் சாயம் விடவில்லை.

பாக்கெட் வேண்டாமா? பாக்கெட் இல்லாத பாவாடையை இந்தக் காலத்துப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள்! பழைய தலையணை உறையின் மூலையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதுவே ஒரு பை. இரண்டு பக்கம் தைத்து, மூலை மூடி, தயாராக இருக்கிறது. அந்த மூலையை வெட்டி, மூன்றாவது பக்கத்தை அடித்து, பக்கவாட்டில் தைக்காமல் விட்ட ஆறு அங்குல இடைவெளியில் செருகி ஓட்டிவிட்டோம். போன் முழுசாக உள்ளே போகிறது.

உள்ளே போடுவதற்கு தாத்தாவின் எட்டு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி மெத்தென்றாகிவிட்ட வேட்டி. இதில் கீழ் ஓரம் மடிக்கிற வேலையே இல்லை, கரைதான் ஓரம்! கரை கீழே வரும்படி வைத்து, இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழித்து, பக்கவாட்டில் ஒரு தையல், மேலே நாடா கோக்க ஒரு பட்டி. பச்சைப் பாவாடைக்குக் கீழே ஓர் அங்குலம் சிவப்புக் கரை எட்டிப்பார்க்கிறது. ரிங் உடம்பில் உரசாமல் இருக்க இந்த உள்பாவாடைதான் காவல்.

இனிமேல்தான் வேடிக்கை, கிட்ட வாருங்கள். அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையை மூன்று பட்டையாகக் கிழித்துப் பின்னலாகப் பின்னிக் கயிறு செய்திருக்கிறோம். அந்தக் கயிற்றை முதல் ரிங்கில் வெளியிலிருந்து உள்ளே விடுகிறோம், இரண்டாவதில் உள்ளிருந்து வெளியே, மூன்றாவதில் உள்ளே. இப்படியே சுற்றி வந்தால் 16-ஆவது ரிங்கில் கயிறு வெளியே வந்து நிற்கும். இரண்டு நுனியும் வெளியே! முடிச்சுப் போடலாம். ரிங் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு நுனி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரை தைப்பவர்கள் ரிங்கை ரெட்டைப்படையாக வைப்பதற்குக் காரணம் வேறு, திரையின் இரண்டு ஓரமும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும் என்பது. அது எங்கள் முடிச்சுக்கும் உதவிவிட்டது. ஜிப் இல்லை, ஹுக் இல்லை. கயிற்றைத் தளர்த்தினால் 8 அடி விரியும், காலை விட்டு ஏற்றி இழுத்தால் இடுப்போடு நிற்கும். பக்ரம் வைத்த பட்டி ரிங்குக்கு மேலே இரண்டு அங்குலம் கிரீடமாக எழும்பி நிற்கிறது. கயிறு இழுக்க இழுக்க ஒவ்வொரு ரிங்கும் திரும்பி, மடிப்பு மடிப்பாகத் துணி தானே ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. ஒரு மடிப்பைக்கூட நாங்கள் கையால் பிடிக்கவில்லை, துணிக்கே பழக்கம்!

இதிலும் ஒரு ரகசியம் இருக்கிறது. கயிற்றை முதல் ரிங்கில் தொடங்காமல் இரண்டாவது ரிங்கில் தொடங்கிப் பாருங்கள். வெளியே இருந்த மடிப்பெல்லாம் உள்ளே போய்விடும், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். நிற்கும்போது மேலே இளம்பச்சையாகத் தெரிந்த பாவாடை, இப்போது மேலே அடர் பச்சை. ஒரே பாவாடை, கயிற்றை ஒரு ரிங் தள்ளிக் கோத்தால் இன்னொரு பாவாடை! இதைக் கண்டுபிடித்ததும் அவள் கோத்து, அவிழ்த்து, மறுபடி கோத்து, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, போனில் தோழிகளுக்கு வீடியோ போட்டு… தையல் அறை முழுக்க ஒரே கூச்சல். கடைசியில் அடர் பச்சை வெளியே என்று முடிவானது. மாடிக்கு ஓடிப்போய் ஒரு சுற்றுச் சுற்றினாள் பாருங்கள், உள்ளே ஒளிந்திருந்த வெயில் கோடுகள் எட்டும் ஒரேயடியாக விரிந்து பளிச்சென்று அடித்தன. கயிறு இடுப்பில் இறுகி நிற்க, ஒரு ரிங்கூட இடம் மாறவில்லை. “இன்னொரு தடவை!” என்று கேட்டது அக்காதான்!

மிச்சத்தின் மிச்சம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. இரண்டு திரையின் நடுப்பகுதியும் தலா மூன்றரை அடி நீளத்தில் அப்படியே இருக்கின்றன. அக்காவுக்கு அதில் காய்கறிப் பை வேண்டுமாம். எனக்கு ஒரு மேல்கோட்டு மேல் கண். கோடுகள் முதுகில் நெடுக்காக இறங்குவதை இப்போதே மனசில் பார்த்துவிட்டேன், காய்கறிப் பைக்குப் பழைய ஜீன்ஸ் போதும் என்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா மகளோ அதற்குள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். “மாமா, வெயில்படுற ஜன்னல்ல ரிங் வெச்ச பழைய ஸ்கிரீன் ஏதாச்சும் இருக்குங்களா? எத்தனை ரிங்குனு எண்ணிச் சொல்லுங்க!” கோயம்புத்தூர் மாமா வீட்டில் மஞ்சள் கலரில் ஒன்று இருக்கிறதாம், பத்து ரிங். ரெட்டைப்படை! வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார்.