வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பயணம் போகலாமா?

சுள்ளிக்கல்லில் கிடைத்த பாடம்

கேரளத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 28 அன்று பதிவானது. இறந்தவர் கொச்சியின் தோப்பும்படியை ஒட்டிய சுள்ளிக்கல் பகுதியில் வசித்த முதியவர்; ஏற்கெனவே இதய நோயும் இரத்தக் கொதிப்பும் இருந்தவர். மார்ச் 16 அன்று துபாயிலிருந்து திரும்பினார். 22ஆம் தேதி களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய மனைவிக்கும் தொற்று உறுதியானது. நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து அவர்களை அழைத்து வந்த டாக்சி ஓட்டுநருக்கும் உறுதியானது. இந்தச் செய்தியிலிருந்து மேற்குக் கொச்சி எடுத்துக்கொண்ட பாடம், தொலைவிலிருந்து வருகிறவரால்தான் ஆபத்து என்பது. அந்த வாரத்தில் அது சரியான பாடம். நோய் அப்போது பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே கொண்டுவந்தது பயணம்தான். ஆனால், அந்த ஓட்டுநர் எந்த நாட்டுக்கும் போய்வரவில்லை. ஒரு காருக்குள் வழிநெடுக இன்னொருவர் விட்ட மூச்சைப் பகிர்ந்துகொண்டார், அவ்வளவுதான். செய்தியின் அந்தப் பாதியை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

அதே ஆண்டு மே 10 அன்று, மாலத்தீவிலிருந்து 698 பேருடன் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் வெலிங்டன் தீவுக்கு வந்து சேர்ந்தது. தோப்பும்படியிலிருந்து பாலத்தைக் கடந்தால் அந்தத் தீவு. அத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறார்கள் என்றால் சுற்றியிருப்பவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் வந்தவர்களின் பெயரும் ஊரும் அரசிடம் இருந்தன, உடல்நிலை பரிசோதிக்கப்பட்டது, தனிமைப்படுத்தலுக்கு ஏற்பாடு இருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், தெற்கே இருக்கும் செல்லானம் என்ற கடலோர ஊராட்சியில் தொற்று கொத்துக்கொத்தாகப் பரவியது. ஊரே அடைக்கப்பட்டது. அதே மாதத்தில் கடலும் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே பரவல் பக்கத்து வீடு, மீன்துறை, உறவுக்காரர் வீடு என்று ஊருக்குள்ளேயே நடந்தது. நோய் ஊருக்குள் வேர்விட்ட பிறகு, எத்தனை கிலோமீட்டர் போகிறோம் என்ற கேள்வி அதிகம் உதவாது. மூடிய இடமா, எவ்வளவு நேரம், திரும்பிவரும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள்தான் உதவும். தூரத்தை மட்டும் அளந்த குடும்பங்கள் தேவையான பயணத்தைத் தவிர்த்து, தேவையில்லாத ஆபத்தை ஏற்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கை கழுவினோம், ஜன்னலைத் திறந்தோமா?

சுள்ளிக்கல் முதியவர் இறந்த அதே மார்ச் 28 அன்றுதான், கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் உறுதியாக அறிவித்தது. 2021இல் அது தன் விளக்கத்தை மாற்றி, காற்றோட்டம் குறைந்த, ஆட்கள் நெருங்கிய அறைகளில் மிக நுண்ணிய துளிகள் மிதந்திருந்து பரவும் என்று எழுதியது. இடையில் கடந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில்தான் நம் குடும்பங்களின் பழக்கங்கள் உருவாகின. காய்கறியை மஞ்சள் நீரில் ஊறவைத்தோம். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். வெளியிலிருந்து வந்த செய்தித்தாளை வெயிலில் காயவைத்தோம். கை கழுவுவது நல்ல பழக்கம். வயிற்றுப்போக்கு முதல் பல நோய்களை அது தடுக்கிறது. ஆனால் தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணித்தது. பாக்கெட்டைக் கழுவிய வீட்டில் ஏ.சி. அறைக்குள் பத்து உறவினர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால், கவனம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று ஓர் உணவகத்தில் நடந்ததை ஆய்வாளர்கள் துருவி ஆராய்ந்தார்கள். வூகானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதிய உணவு சாப்பிட்டது. அடுத்தடுத்த மேசைகளில் வேறு இரண்டு குடும்பங்கள். ஜன்னல் இல்லாத இடம், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்குத் தொற்று. தொலைவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றுதான். மற்ற இரண்டும் பக்கத்தில் சாப்பிட வந்தவை. எந்த இடம் ஆபத்து என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அங்கே ஒருவர் பீடி பற்றவைத்தால் நம் மூக்குக்குப் புகை எட்டுமா, எவ்வளவு நேரம் தங்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் அது கலைந்துவிடும். கண்ணாடி ஏற்றிய காரில் கடைசிவரை கூடவே வரும்.

தமிழ்நாடு தந்த சான்று

நம் ஊர் நிலைமைக்கு வெளிநாட்டு ஆய்வு பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் சுகாதாரப் பணியாளர்கள் தெருத்தெருவாக அலைந்து தொடர்பாளர்களைத் தேடிய பதிவுகளை வைத்து, ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் எழுதிய ஆய்வு 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. 84,965 நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் விவரம் அதில் உண்டு. அன்று உலகில் நடந்த ஆய்வுகளில் இது மிகப் பெரியவற்றில் ஒன்று. அதற்குரிய பெருமை வெயிலில் நடந்த செவிலியர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் சேர வேண்டும்.

அந்த ஆய்வின்படி, பொதுவெளித் தொடர்புகளில் தொற்றியது ஏறத்தாழ 2.6 சதவீதம் பேருக்கு. ஒரே வீட்டில் இருந்தவர்களில் 9 சதவீதம். நோயாளியுடன் ஒரே வாகனத்தில் நெருங்கி உட்கார்ந்து ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பயணித்தவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம். கடைசி எண்ணிக்கை 78 பேரை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டது. எனவே அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உண்மை அளவு கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி அவ்வளவு பெரியது என்பதால் திசை தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு முடிவும் உண்டு: பத்தில் ஏழு நோயாளிகளிடமிருந்து, தேடிப் பிடித்த தொடர்பாளர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. பரவலின் பெரும்பங்கு சிலரிடமிருந்தே நடந்தது. “அவர் கூடத்தான் இருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று பலர் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஒருமுறை தப்பியது அடுத்த முறைக்கு உத்தரவாதமாகாது.

மீன்பிடித் துறைமுகமும் ஊர் திரும்பும் பஸ்ஸும்

தூரத்தை அளக்கும் பழக்கம் எவ்வளவு தவறாகக் கணக்குப் போடும் என்பதற்குத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் தங்கலுக்குப் போகிறார்கள். பல வாரங்கள் கடலிலேயே இருந்து திரும்பும் தொழில் அது. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் இவர்களைவிட அதிகம் பயணிப்பவர் இல்லை. ஆனால் மூன்று வாரம் கடலில் இருந்து, படகில் ஒருவருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லாமல் கரை சேர்ந்தவர்கள், கிட்டத்தட்ட தனிமைப்படுத்தலை முடித்து வந்தவர்களே. அறிகுறி பெரும்பாலும் 14 நாட்களுக்குள் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஆபத்து கரையில்தான் காத்திருக்கிறது. ஏலம் நடக்கும் இடம் பக்கவாட்டில் திறந்திருப்பது, காயல் காற்று வீசுவது நல்லது. ஆனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உரக்கக் கூவும்போது வாயிலிருந்து வெளிப்படும் துளிகள் பல மடங்கு கூடும். முகக்கவசம் அங்கே வேண்டும். அதைவிடக் கவனம் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில். பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, கூட்டாக ஒரு வேனையோ பஸ்ஸையோ பிடித்து, ஜன்னல் மூடி, தூங்கியபடி ஊர் போய்ச் சேரும் அந்த ஐந்தாறு மணி நேரம்தான் அந்த ஆய்வு எச்சரித்த நேரம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எடைபோட்டுப் பார்ப்பதெல்லாம் வசதி உள்ளவர்களின் வேலை, அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் தேர்வு எங்கே இருக்கிறது என்பார்கள். இந்த ஆட்சேபத்தின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். வேலைக்குப் போகாதே என்று ஒரு ஐஸ் உடைக்கும் தொழிலாளிக்கு அறிவுரை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தூரத்தை அளக்கும் முறைதான் அவருக்கு ‘போகாதே’ என்று மட்டும் சொல்கிறது. போயே ஆக வேண்டியவருக்கு அதில் ஒரு வழியும் இல்லை. காற்றை அளக்கும் முறை வேன் ஜன்னலைத் திறந்துவை, இருமுகிறவரைத் தனி வண்டியில் அனுப்பு, வண்டிக்குள் முகக்கவசத்தைக் கழற்றாதே, வழியில் சாப்பிட வேண்டுமென்றால் வெளியே இறங்கிச் சாப்பிடு என்கிறது. இவற்றில் எதற்கும் ஒரு நாள் கூலி இழக்க வேண்டியதில்லை. ஏழைக் குடும்பத்துக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் பயன்படும்.

‘வீடுதானே பாதுகாப்பு’

பயணம் ஆபத்து, வீடு பாதுகாப்பு என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. கொச்சி மட்டாஞ்சேரியின் குறுகலான சந்துகளில், ஒரு சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் வரிசைகளில், மூன்று தலைமுறை ஒரே அறையில் உறங்குவது புதிதல்ல. கேரள அரசு முதியவர்களைத் தனியே வைக்கச் சொன்னது. அதற்கு ‘ரிவர்ஸ் குவாரண்டைன்’ என்று பெயரும் வைத்தது. தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்த வீடுகளுக்கு அது நடைமுறை. இல்லாத வீடுகளுக்காக 2021 இரண்டாம் அலையில் உள்ளாட்சிகள் தங்கும் பராமரிப்பு மையங்களைத் திறந்தன. சரியான ஏற்பாடு. ஆனால் உறுதியான நோயாளிகளுக்கு மட்டும் அது போதும். அறிகுறி தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுகிறார் என்பதால், வீட்டுக்குள் நாம் செய்வதுதான் முக்கியம்.

அதே தமிழ்நாடு–ஆந்திர ஆய்வில், உறுதியான நோயாளிகளில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 0.05 சதவீதம் பேரும், 85 வயதைத் தாண்டியவர்களில் 16.6 சதவீதம் பேரும் இறந்தார்கள். இரண்டுக்கும் இடையே முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே “நமக்கு வந்தால் என்ன ஆகும்” என்று இளைஞர் கேட்பது பாதிக் கேள்வி. கல்யாணத்துக்குப் போய்வரும் 25 வயது மகன் தனக்காக எடுக்கும் முடிவின் விலையை 80 வயதுப் பாட்டி கொடுக்க நேரலாம். அதற்காக அவர் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பதில்லை. திரும்பி வந்து நான்கைந்து நாள் பாட்டியின் அறையில் படுக்காமல் இருக்கலாம், பேசும்போது முகக்கவசம் போடலாம், தொண்டை கரகரத்தால் உடனே சொல்லலாம். வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் “எனக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லும் சூழல் வேண்டும். திட்டு விழும் என்று மறைக்கப்படும் இருமல்தான் அதிகக் கேடு செய்கிறது.

போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு

எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலேயே இருந்துவிடுவது இலவசம் அல்ல. இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் அது சுமார் 18 லட்சமாக இறங்கியது. நோய் திடீரென்று குறைந்துவிடவில்லை. மருத்துவமனைக்குப் போகாதவர்களும், போக முடியாதவர்களும், பரிசோதனை கிடைக்காதவர்களும்தான் அந்த ஆறு லட்சத்தில் பெரும்பகுதி. சர்க்கரைப் பரிசோதனை தள்ளிப்போனவர்கள், நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று பொறுத்துக்கொண்டவர்கள், தடுப்பூசி தவறிய குழந்தைகள் எந்தக் கொரோனா கணக்கிலும் வரவில்லை. டயாலிசிஸுக்குப் பாலம் கடந்து எறணாகுளம் போக வேண்டிய முதியவரை, பஸ்ஸில் கூட்டம் என்று நிறுத்திவைப்பது பாதுகாப்பு அல்ல. அவர் போயே ஆக வேண்டும். ஆட்டோவில், இருபுறமும் காற்று வர, நல்ல முகக்கவசத்துடன், கூட்டம் குறைந்த நேரத்தில் போக வேண்டும்.

இப்போதும் எதற்கு?

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது. தடுப்பூசியும் முந்தைய தொற்றுகளும் கடும்நோயின் அளவை வெகுவாகக் குறைத்துவிட்டன. 2020இன் எண்களை இன்றைக்கு அப்படியே பொருத்தினால் தவறு. ஆனால் 2023 டிசம்பரில் ஜேஎன்.1 என்ற கொரோனா திரிபு கேரளத்தில் கண்டறியப்பட்டது. 2025 மே மாதத்திலும் அங்கே தொற்று எண்ணிக்கை ஏறியது. இன்புளுயென்சாவும் மூடிய அறைக் காற்றில் பரவக்கூடியதுதான். அதுவும் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் இணைநோய் உள்ளவர்களையும்தான் அதிகம் வாட்டுகிறது. எனவே அடுத்த முறை இரவு ஏ.சி. பஸ்ஸில் உட்காரும்போது பக்கத்தில் ஒருவர் விடாமல் இருமினால் முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கே காய்ச்சல் என்றால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். வீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் இருந்தால் இன்புளுயென்சா தடுப்பூசி பற்றி அவர்களுடைய மருத்துவரிடம் இந்த மாதமே கேளுங்கள்.